வீத்தோல்ஸின் கையெழுத்து

நாற்காலி வேண்டாம், இன்ஸ்பெக்டர். எனக்கு நின்றுகொண்டு பேசித்தான் பழக்கம். பல் வைத்தியன் உட்கார்ந்துகொண்டு எதையும் பிடுங்கியதில்லை. நான் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இப்படி நடப்பது உங்களுக்குத் தொந்தரவில்லை என்றால், ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

நம் லாத்வியா பிறந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பக்கம் ஜெர்மன்காரன், மறுபக்கம் செம்படை, நடுவில் நாம். ஜாரின் ரூபிளை எவனும் தொடவில்லை. புது அரசாங்கத்தின் பணம் இந்தத் துறைமுகம்வரை வந்து சேரவில்லை. ரொட்டி வாங்க வழியில்லாமல் ஊர் தவித்தபோது நகரசபை தானே நோட்டு அடித்தது. அச்சுக்கூடத்தில் கிடைத்தது மீன்பெட்டிக்கு ஒட்டுகிற பழுப்புக் காகிதம்தான். அதில் சபையின் பொருளாளர் பெர்துலிஸ் வீத்தோல்ஸ் மையால் கையெழுத்துப் போட்டால் பணம், போடாவிட்டால் வெறும் காகிதம். பிறகு நாடு நிலைத்தது. சபை அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கிக் கொளுத்திவிட்டது. தப்பியவை மிகக் கொஞ்சம்.

அவற்றைத்தான் நான் சேர்த்தேன். எஸ்தோனியா, லித்துவேனியா, போலந்து என்று போருக்குப் பிறகு முளைத்த நாடுகளில் எந்த ஊர் இப்படி அவசர நோட்டு அடித்திருந்தாலும் அது என் ஆல்பத்தில் இருக்கும். ஆனாலும் நம் ஊரின் இருபத்தைந்து ரூபிள் நோட்டுக்கு ஈடு கிடையாது. அதற்காக என் அம்மாவின் வெள்ளி மார்ப்பதக்கத்தைக் கொடுத்தேன். என் தங்கை அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். பரவாயில்லை, நோட்டு என்னிடம் இருந்தது.

போன வருஷம் நகரசபைக் கட்டடத்துக்குக் கூரை மாற்றினார்கள் அல்லவா, வினை அங்கே தொடங்கியது. பரண்மேல் ஒரு கட்டு கிடைத்தது. அதே நோட்டு, அதே காகிதம். கையெழுத்து மட்டும்தான் இல்லை. அடுப்பு மூட்ட ஆகட்டும் என்று யாரோ புண்ணியவான் அதைக் கிழவர் வீத்தோல்ஸ் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டான்.

கிழவர் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். யார் கேட்டாலும் கொடுத்தார். கோடைக்குக் கடலில் குளிக்க வந்தவர்களுக்கு, பால்காரிக்கு, பாதிரியாரின் மருமகனுக்கு. தார்த்துவில் எனக்குத் தெரிந்த ஒரு சேகரிப்பாளர், எஸ்தோனியர், ‘புகைபோட்ட விலாங்கு ஒன்று கொடுத்தேன், மூன்று நோட்டு கிடைத்தது. நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்று எழுதிக் கேட்டார். அவரிடமிருந்தே ஒன்றை வரவழைத்தேன். புதியதையும் என்னுடையதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு வளைவு பிசகவில்லை. அதே கை. பழையது எது, நேற்றையது எது என்று கடவுளாலும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். நோயாளி வாயைத் திறந்து வைத்துக் காத்திருப்பான், நான் ஜன்னலில் நின்று அந்த வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் நேரிலேயே போனேன்.

“வாங்க டாக்டரே. பல்லு புடுங்க வந்தீங்களா, நோட்டு புடுங்க வந்தீங்களா?” என்றார்.

மரியாதையாகத்தான் கேட்டேன். “போதுங்க பெரியவரே. இதோட நிறுத்திக்குங்க. சரித்திரம் கெட்டுப்போகுது.”

“அட, போங்க டாக்டரே. அன்னிக்கு இந்தக் காகிதத்தக் கையில வச்சுக்கிட்டு ஊரே அழுதுச்சு. இன்னிக்கு அதே காகிதத்துக்கு ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு மீனு கொண்டாந்து குடுக்கறான். நான் ஏன் நிறுத்தணும்? உங்களுக்கும் ஒண்ணு வேணுமா? இருங்க, மை உள்ளே இருக்கு.”

உள்ளே போய், ஈரம் காயாத கையெழுத்தோடு திரும்பி வந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் எந்தக் கோபமும் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த நோட்டு பிறந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கிழவரின் மனைவி லவீஸா அம்மாள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். கிழவருக்கு முட்டிவலி, அறையைச் சூடாக்கும் ஓட்டடுப்பை ஒட்டிய பெஞ்சில் படுத்திருந்தார். சீரகத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். பேசிக்கொண்டே அவருக்குக் கண் சொருகியது. “டாக்டரே, தணல்ல நீலம் அடங்கினதும் அந்தத் தகட்ட மூடிட்டுப் போயிடுங்க. முட்டி என்னை எழுந்திருக்க விடல” என்றார்.

புகைபோக்கித் தகட்டைப் பற்றி இந்த ஊரில் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீலச் சுடர் அடங்கியபின் மூடினால் சூடு அறையில் தங்கும். அடங்குமுன் மூடினால் தங்குவது விஷக்காற்று. அதற்கு மணம் கிடையாது, வலியும் கிடையாது. வலியைப் பற்றி எனக்குத் தெரியும், அது என் தொழில்.

நீலம் அடங்கவில்லை. மூடினேன். கம்பளியை அவர் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன். வயசானவர், அவசரப்பட்டு மூடிவிட்டார் என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன்.

சாவுச் சாப்பாட்டில் பட்டாணியும் பன்றிக்கொழுப்பும் நன்றாகச் சாப்பிட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் உட்கார்ந்து சாப்பிட்டேன். எல்லோரும் போனபின் லவீஸா அம்மாளிடம் மிச்சமிருந்த கட்டைக் கேட்டேன். அவர் ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன் என்றேன். வீட்டுக்குப் போய் எரித்துவிடுவதாகத்தான் எண்ணம்.

“வெத்துக் காகிதத்த வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க டாக்டரே? கொஞ்சம் இருங்க” என்றபடி மேஜை முன்னால் உட்கார்ந்தார். பேனாவை மையில் தோய்த்தார். பெர்துலிஸ் வீத்தோல்ஸ். அடுத்தது. பெர்துலிஸ் வீத்தோல்ஸ். ஒரு வளைவு பிசகவில்லை.

“என்ன அப்படிப் பாக்கறீங்க? அந்த நோட்டு அடிச்சப்போ அந்த மனுஷனுக்கு டைஃபஸ் காய்ச்சல். விரல் நிக்காது. சபைக்குத் தெரிஞ்சா நோட்டே செல்லாம போயிடும், ஊரு பட்டினி கிடக்கும்னு அழுதாரு. அதான் நானே உக்காந்து எல்லாத்தையும் போட்டேன். இப்பவும் உள்ளே கொண்டுவந்து நீட்டுவாரு, நான் போட்டுக் குடுப்பேன். வெளியே போயி பெருமையா நிப்பாரு. பாவம், அதுல அவருக்கு ஒரு சந்தோஷம்.”

“அப்படின்னா நான் எதுக்கு அந்தத் தகட்ட மூடினேன்?”

நான்தான் கேட்டேன். வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன் என்பது அவர் பேனாவைக் கீழே வைத்தபோதுதான் புரிந்தது. சால்வைகூடப் போடாமல், அந்தக் குளிரில் எழுந்து நேராக உங்கள் வாசலுக்கு நடந்தார். நான் தடுக்கவில்லை. அவர் பின்னாலேயே வந்தேன்.

ஆக, ஆமாம், கொன்றது நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே ஒப்பமிடுகிறேன். ஆல்பத்தை என் தங்கைக்குக் கொடுத்துவிடுங்கள், அவள் விற்கட்டும். அந்தப் பைத்தியம் என்னை விட்டு முழுசாக இறங்கிவிட்டது. மனசு லேசாக இருக்கிறது.

உங்கள் மேஜைமேல் இருப்பது அந்த அம்மாளின் சாட்சிதானே? இல்லை, படிக்க வேண்டாம், கீழே உள்ள கையெழுத்தை மட்டும் ஒரு தடவை காட்டுங்கள். லவீஸா வீத்தோலா. வீத்தோல்ஸ் பெண்ணுக்கு வந்தால் வீத்தோலா, கடைசி எழுத்துதான் வேறு. அதே வளைவு. தன் சொந்தப் பேரில், அதே கையால். இப்படி ஒன்று எந்தச் சேகரிப்பிலும் கிடையாது, இன்ஸ்பெக்டர். இந்த உலகத்தில் இது ஒன்றே ஒன்றுதான்.

வழக்கு முடிந்ததும் இந்தத் தாளை நீங்கள் என்ன செய்வீர்கள்? அதுவரை அந்த அம்மாள் வேறு எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஏதாவது வழி உண்டா?