இருமலின் இடைவெளியில் எழுதியவர்

மேசையின் தலைப்பக்கம் அமர்ந்திருக்கும் போதகர் நெகேமியா ஸ்டாட்டன் ஐயா அவர்களே, புத்தக வணிகர் ஐசக் திரிம்பிள் அவர்களே, துணைவியை இழந்து நிற்கும் துணி வியாபாரி ஆம்புரோஸ் பென்ஃபோல்டு அவர்களே, சுவரோரம் தோளோடு தோள் இடித்து நிற்கும் சகோதர சகோதரிகளே!

ஐந்து பேருக்கு மேல் கூடி ஜெபிக்கக் கூடாது என்கிறது அரசரின் சட்டம். நாம் நாற்பது பேர். ஆகவே இது ஜெபக் கூட்டம் அல்ல, அடக்க விருந்து. யாராவது படியேறி வந்தால் எல்லோர் கையிலும் கேக் இருக்கட்டும், வாய் மெல்லட்டும்.

நான் அச்சுக்கூடம் நடத்தும் விதவை அர்சுலா ஹாட்லி. பிறர் பேசியதை ஈய எழுத்தில் கோத்துத்தான் எனக்குப் பழக்கம். பெண் எழுந்து பேசுவது உங்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. இறந்தவரைப் புகழ்வதும் நம் வழக்கமில்லை. ஆனால் இன்று காலை நாம் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தவர் யார்? டார்க்கஸ் பென்ஃபோல்டு அல்லவா!

நம் போதகர் பேசும் வேகத்துக்குச் சுருக்கெழுத்து எழுதக்கூடிய கை இந்த லண்டனில் வேறு யாருக்கு இருந்தது? பதினைந்து ஆண்டுகள் தேவாலய மாடத்தின் முதல் வரிசையில், முழங்கால்மேல் நோட்டோடு அவர் இருந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அரசரின் ஜெபப் புத்தகத்துக்கு இணங்காத நம் போதகரைச் சட்டம் பிரசங்க மேடையிலிருந்து இறக்கியபோது நாம் யாருடைய நோட்டுகளைத் தேடி ஓடினோம்? சென்ற ஆண்டு நகரம் எரிந்தபோது அவரவர் மெத்தையையும் வெள்ளிக் கூஜாவையும் சுமந்து ஓடினார்கள். டார்க்கஸ் மடியில் கட்டிக்கொண்டு வந்தது பதினொரு நோட்டுகள்! ஆம்புரோஸ் இன்றும் முணுமுணுக்கிறார்: "என் நல்ல பூட்ஸை விட்டுட்டு இந்தக் கிறுக்கலைத் தூக்கிட்டு வந்தா, மகராசி!" சிரிக்கிறீர்கள், ஆம்புரோஸ். சிரியுங்கள்.

அந்த நோட்டுகளிலிருந்து நான் அரசு அனுமதியில்லாமல் அச்சிட்ட பிரசங்கப் புத்தகம் உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதில் ஒரு வரி உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 'பயந்தவனின் ஜெபம் சின்னது. அதனால்தான் அது முதலில் போய்ச் சேருகிறது.' கொள்ளை நோய் ஆண்டில், சிலுவை வரைந்து பூட்டிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து இந்த வரி கேட்டதே, மறந்துவிட்டீர்களா?

அந்த வரியைச் சொன்னவர் யார்?

நான்கு ஆண்டுகளுக்கு முன் அச்சுக் கோக்கும்போது போதகரின் சொந்தக் குறிப்புத் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். டார்க்கஸிடம் ஓடினேன்.

"அக்கா, ஐயாவோட தாள்ல இந்த வரியே இல்லையே?"

"எப்படி இருக்கும்? அன்னிக்கு அவருக்கு இருமல். 'பயந்தவனின் ஜெபம்'னு ஆரம்பிச்சாரு, இருமுனாரு, தண்ணி குடிச்சாரு, அப்புறம் நேரா நோவாவோட பேழைக்குப் போயிட்டாரு. என் பேனா சும்மா நின்னுச்சு."

"அதுக்கு நீங்களே எழுதிடறதா?"

"பாதி வாக்கியத்தை அந்தரத்துல விட்டுட்டு வீட்டுக்குப் போய் உன்னால சூப்பு வைக்க முடியுமாடி? எனக்கு முடியல."

"இந்த மாதிரி எத்தனை இடம்?"

"அவருக்கு நெஞ்சுச் சளி, உனக்குத் தெரியாதா? குளிர்காலம் பூரா!"

பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "போட்டேன்னா கான்ஸ்டபிள் நேரா என் வீட்டுக்குத்தான் வருவான். நான் செத்தப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ" என்றார். நான் வாய் திறக்கவில்லை. நான்கு ஆண்டுகள்!

இன்று காலை சவப்பெட்டியின் பின்னால் நடக்கும்போது போதகரிடம் சொன்னேன். "அது என் வரிதாம்மா. நான் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. புத்தகத்தில் படித்து, ஒளிந்து கூடிய வீடுகளில் எத்தனையோ முறை அதைச் சொல்லிச் சொல்லித் தமதாக்கிக்கொண்டார். ஐயா, நீங்கள் தலை கவிழ வேண்டாம். உங்கள் குரல் எங்கே நிற்கிறது, அவருடைய குரல் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே முழுதாகத் தெரியாது.

அப்போது கூடவே நடந்த திரிம்பிள் என் கையைப் பிடித்து இழுத்தார். "பொம்பளை கை வச்ச பிரசங்கத்தை எவன் வாங்குவான்? செத்தவங்களை நிம்மதியா விடும்மா." செத்தவர் நிம்மதியாகத்தான் இருக்கிறார், திரிம்பிள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. உட்காருங்கள், முடித்துவிடுகிறேன்.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அது ஒரு துணி வியாபாரியின் மனைவி எழுதியது என்று தெரிந்ததும் உங்கள் பிடி தளர்கிறதா? தளர்ந்தால் அந்தப் பாவம் என்னுடையது. அவருக்காகத்தான் இதைச் சொல்கிறேனா, என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் சொல்கிறேனா? அவர் கண்மூடிய நாளிலிருந்து, மூன்று நாளாக இதையே கேட்டுக்கொள்கிறேன்; பதில் கிடைக்கவில்லை. பதில் கிடைக்கும்வரை காத்திருந்தால் இன்னொரு நான்கு ஆண்டுகள் போய்விடும்.

திங்கட்கிழமை புதிய பதிப்பின் முகப்பைக் கோக்கிறேன். போதகரின் பெயர் இருக்கும். அதன் கீழே, அதே அளவு எழுத்தில், 'எழுதியெடுத்தவரும், விடுபட்ட இடங்களில் எழுதியவரும் டார்க்கஸ் பென்ஃபோல்டு' என்று இருக்கும். திரிம்பிள் விற்க மறுத்தால் கூடையில் வைத்து நானே விற்கிறேன். இத்தகைய புத்தகங்களில் அச்சிட்டவர் தம் பெயரைப் போடுவதில்லை. நானும் இதுவரை போட்டதில்லை. ஆனால் இறந்தவரை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் பதுங்க முடியாது. டார்க்கஸின் பெயரை இனி எந்தக் கான்ஸ்டபிளும் இழுத்துப் போக முடியாது. என் பெயரை முடியும்.

இரண்டையும் கோக்கிறேன்.