சந்தேகம் சார் விட்டுப்போன கடவுச்சொல்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, வேண்டாம் என்று நழுவிய என்னையும் பிடித்து நிறுத்தியிருக்கும் மேலாளர் அவர்களே, மேடையில் இருக்கும் பிரிவுத் தலைவர்களே, கிடங்கிலிருந்து வேலை உடுப்போடு வந்து நிற்கும் தோழர்களே, முன்வரிசையில் தன் தம்பியோடு அமர்ந்திருக்கும், மறைந்தவரின் மனைவியான அண்ணி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் கணக்குப் பிரிவு. மேடை பழக்கமில்லை. அதோடு, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. நாம் தினமும் சாப்பிடும் உணவறை இது. மேசைகளை ஓரங்கட்டிவிட்டு, அவர் உட்காரும் சன்னலோரத்தில் அவர் படத்தை வைத்திருக்கிறோம். படம் மங்கலாக இருக்கிறது என்று குறைப்படாதீர்கள். தன் முகம் இணையத்தில் எங்கும் இருக்கக் கூடாது என்று இருந்தவர் அவர். அடையாள அட்டையில் இருந்ததைத்தான் பெரிதாக்க முடிந்தது.

நம் பார்சல் நிறுவனத்தின் கணினிப் பொறுப்பாளர். ஊழியர்கள் அத்தனை பேருக்கும் அவர் சந்தேகம் சார். எதைக் காட்டினாலும், "இதை அனுப்பினது யாரு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பரிசு விழுந்திருக்கிறது என்றாலும் அதே கேள்வி, மேலாளரின் சுற்றறிக்கை என்றாலும் அதே கேள்வி. நம்மில் யாராவது கடவுச்சொல் அடிக்கப்போனால், நாம் சொல்லாமலே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். எத்தனை முறை அந்த முதுகைப் பார்த்துச் சிரித்திருப்போம்!

இந்த அறையில் அவர் சோற்றைத் தொட முடிந்ததா? வங்கியிலிருந்து அழைத்தார்களாம் என்று ஒருவர் வருவார், போன் சூடாகிறது என்று இன்னொருவர் வருவார். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி என் சாப்பாடு ஆறிப்போகிறது என்று அலுத்துக்கொண்டவர், ஒருநாள் பார்சல் சீட்டின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக ஏதோ வரைந்தார். அதுதான் அவருடைய இணையதளத்தின் முதல் பக்கம். பெயர் ‘சந்தேகம்’. அதன் கீழே இரண்டே வரி: சந்தேகப்படு. சந்தேகம் கேள்.

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் பயந்து சாவாய், கேட்டுக்கொண்டே இருந்தால் கேட்கக் கூடாதவனிடம் கேட்டு ஏமாறுவாய், இரண்டும் சேர்ந்தால்தான் பிழைப்பாய் என்றார். இன்றுவரை எனக்கு அது முக்கால்வாசிதான் புரிந்திருக்கிறது.

அந்தத் தளத்தில் விளம்பரம் கிடையாது. கண்ணைப் பறிக்கும் எதுவும் கிடையாது. தான் தவறாக எழுதியதை அழிக்க மாட்டார், குறுக்கே கோடு போட்டுவிட்டுச் சரியானதைப் பக்கத்தில் எழுதுவார். ஒவ்வொரு கட்டுரையிலும் நடுநடுவே ஒரு கட்டம் இருக்கும், அதன் தலைப்பு ‘அப்படின்னா?’ புரியாத சொல்லுக்கெல்லாம் அங்கே விளக்கம். அந்தக் கேள்வி யாருடையது தெரியுமா? அண்ணியுடையது. எழுதியதையெல்லாம் அண்ணியின் தையல் கடையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். மெஷினை நிறுத்தி அண்ணி "அப்படின்னா?" என்று கேட்ட இடத்தில் எல்லாம் ஒரு கட்டம் போட்டார். எத்தனையோ பேர் ஏமாறாமல் தப்பியது அந்தக் கட்டங்களால்தான்.

அப்படிப்பட்டவர் இறந்த செய்தி நமக்கு எப்படி வந்தது? தெரியாத எண்ணிலிருந்து. ‘அவசரம்’ என்று தொடங்கி. கீழே தொடச் சொல்லி ஓர் இணைப்போடு! மோசடிச் செய்திக்கு என்று அவர் பாடம் நடத்திய மூன்று அடையாளமும் அச்சடித்தாற்போல் இருந்தன. நாம் என்ன செய்தோம்? எண்ணை முடக்கினோம். ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். உங்கள் பெயரில் யாரோ மோசடி செய்கிறார்கள் சார் என்று எச்சரிக்க நான் அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். அண்ணி எடுத்தார்கள். அந்தச் செய்தியை அனுப்பியது அவர்களுடைய தம்பி என்றும், இணைப்பு வீட்டுக்கு வழிகாட்டும் வரைபடம் என்றும் சொன்னார்கள். நான் அப்போதும், நீங்கள் அண்ணிதானா என்று கேட்டேன். சிரிப்பதா அழுவதா, இப்போதும் தெரியவில்லை.

இந்த மாதக் கடைசியில் தளத்தின் தவணை முடிகிறது. உள்ளே போய்ப் புதுப்பிக்காவிட்டால் அணைந்துவிடும். கேள்விகள் இன்னும் வந்து குவிகின்றன. கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் சொல்லி வையுங்கள் என்று எழுதியவர், தன்னுடையதை அண்ணிக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்.

மேடை ஏறும் முன் அண்ணியிடம் போனேன். கையிலிருந்த உறுதிமொழியை வாசித்தேன். ‘அன்னாரின் பணியைத் தொய்வின்றித் தொடர்வோம்.’ அண்ணி நிமிர்ந்து பார்த்து, "அப்படின்னா?" என்றார்கள்.

கடவுச்சொல்லைக் கொடுத்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றேன்.

"யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு அவரே எழுதியிருக்காரு. திங்கக்கிழமை எதையாவது எழுதிக்கிட்டு கடைக்கு வாங்க."

தர மாட்டேன் என்கிறார்கள், வா என்றும் சொல்கிறார்கள். குழம்பிப்போய்த்தான் இந்த ஒலிவாங்கி முன் வந்து நின்றேன். உங்களிடம் பேசப் பேச இப்போதுதான் உறைக்கிறது. அண்ணி எதையும் மறுக்கவில்லை. இதுவரை எப்படி நடந்ததோ அப்படியே நடக்கட்டும் என்கிறார்கள்.

எனவே தோழர்களே, இந்தக் காகிதத்தை நான் வாசிக்கப்போவதில்லை. திங்கட்கிழமை ஒரு கட்டுரையோடு தையல் கடைக்குப் போகிறேன். இறப்புச் செய்தி வந்தால் அது மெய்யா பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் தலைப்பு. அண்ணி மெஷினை நிறுத்துவார்கள். நான் அந்த இடத்தில் ஒரு கட்டம் போடுவேன். திருத்தி எழுதுவேன். எழுதத் தெரிந்தவர்கள் அடுத்தடுத்த வாரம் வாருங்கள். கடைசியில் அண்ணி தளத்தைத் திறக்கக் கணினி முன் உட்காருவார்கள்.

சந்தேகம் சார், அப்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பேன்.