பவனேஷப் பத்தி என்கிட்ட கேட்டா

இல்ல அங்கிள், நல்ல பையன்தான், யாரு இல்லன்னா? குடி கிடையாது, சிகரெட் கிடையாது, பெரியவங்கள பாத்தா குனிஞ்சு கும்பிடுவான். நீங்க முதல்ல உக்காருங்க. ராசா டவுன்லேர்ந்து இவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க, வாசல்ல நின்னுக்கிட்டே கேட்டுட்டுப் போனா எப்படி? பசியாறியாச்சா? சரி, அப்ப கோப்பியாவது குடிங்க. அம்மா, அங்கிளுக்கு ஒரு கோப்பி. சீனி கம்மியாவா? சீனி கம்மியா போடும்மா.

கிளாரன்ஸ்தானே என் பேரச் சொன்னாரு? எங்க பழைய பாஸ் அவரு. நீங்க ஆபீஸ்ல போய் மாப்பிள்ளையப் பத்திக் கேட்டிருக்கீங்க, அவரு பாட்டுக்கு லோகேஸ்வரிதான் பவனேஷ்கூட ரொம்ப நாள் வேலை செஞ்சிச்சு, அசாம் ஜாவா ஊர்ல இருக்கு, அங்க போய்க் கேளுங்கன்னு கைகாட்டி விட்டுட்டாரு. ஆனா நீங்க சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க. அவனப் பத்தி என்னைவிட வேற யாருக்கும் தெரியாது.

பொண்ணுக்கு நீங்க தாய்மாமாவா? பேரு என்ன? அன்பரசி. டீச்சரா. பாவம்.

சும்மா சொன்னேன் அங்கிள். டீச்சர் வேலை இப்பல்லாம் கஷ்டம்தானே.

என்ன வேலை செஞ்சோமா? வெப்சைட் டெஸ்டிங். அவன் உங்ககிட்ட மேனேஜர்னு சொன்னானா? சொல்லுவான், சொல்லுவான். என்னான்னா அங்கிள், ஒரு கடைக்கு வெப்சைட் செய்யறாங்கன்னு வச்சுக்குங்க. நீங்க உங்க ஹேண்ட்ஃபோன்ல பாப்பீங்க, உங்க பொண்ணு ஐஃபோன்ல பாக்கும். ஒருத்தன் விண்டோஸ் கம்ப்யூட்டர், இன்னொருத்தன் மேக். ஒருத்தர் குரோம்ல தெறப்பாரு, ஒருத்தர் சஃபாரில. ஒரே பக்கம்தான், ஆனா எல்லாத்துலயும் ஒரே மாதிரி தெரியாது. ஒண்ணுல எழுத்து எழுத்து மேலயே ஏறி உக்காந்திருக்கும். ஒண்ணுல பட்டனையே காணோம். அதுக்காக உலகத்துல இருக்கற அத்தனை ஃபோனையும் வாங்கி அடுக்க முடியுமா? அதனால கம்ப்யூட்டருக்குள்ளயே பொய்யா ஒரு ஃபோன் செஞ்சு வச்சிருப்பாங்க. எமுலேட்டர்னு சொல்லுவோம். பாத்தா அப்படியே ஃபோனு, கையில மட்டும் எடுக்க முடியாது. அதுல உள்ள பூந்து ஒவ்வொண்ணா தட்டிப் பாக்கணும். எல்லாம் சரியா இருந்தாதான் லைவ், அப்பத்தான் ஊருக்கே தெறந்து விடுவாங்க. அதுவரைக்கும் டெஸ்ட்டு. டெஸ்ட்டுல எது உடைஞ்சாலும் ஒருத்தருக்கும் நஷ்டமில்ல.

அவன் அந்தப் பொய் ஃபோன்லயே பாத்துட்டு ஓகே லா, போட்டு விடு லான்னு எந்திரிச்சுப் போயிருவான். நான் விடமாட்டேன். எங்கம்மாவோட பழைய ஃபோன் ஒண்ணு இருந்துச்சு, வாளித் தண்ணில விழுந்து எந்திரிச்சது. அத ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போய் அதுலயும் ஒரு தடவ பாப்பேன். நல்லம்மா மாடல் வந்திருச்சுன்னு எல்லார் முன்னாலயும் சிரிப்பான். நல்லம்மாள் எங்கம்மா பேரு. நானும் கூடச் சேந்து சிரிச்சிருக்கேன், அத நெனச்சா இப்ப என்னையே அறைஞ்சுக்கலாம் போல இருக்கு.

சுங்கை செம்பிலாங் பக்கம் ஒரு சீஃபூட் கடை. சீனப் பெருநாளைக்கு மேசை புக் பண்ற மாதிரி வெப்சைட் கேட்டாங்க. எமுலேட்டர்ல எல்லாம் சரி. அம்மா ஃபோன்ல பாத்தா, பேர் அடிக்கறதுக்குக் கீபோர்ட் மேல ஏறுதுல்ல, கன்ஃபார்ம் பட்டன் அதுக்கு அடியில போய் மாட்டிக்குது. எவ்வளவு தள்ளினாலும் வரல. பவனேஷ், இது ஓகே இல்ல, போடாதன்னு சொன்னேன். இந்த ஃபோன எவன் வச்சிருக்கான், நீ ஓகேன்னு போடுன்னான். போட மாட்டேன்னேன். அவனே என் பேர்ல போட்டுட்டான்.

அப்புறம் என்ன. பெருநாளைக்கு முதல் நாளு சனங்க குடும்பம் குடும்பமா வந்து நிக்குது, பேரு அடிச்சு புக் பண்ணோம்னு சொல்லுது, கடையில அவங்க பேரு ஒண்ணும் பதிவாகல. கடைக்காரரு ஆபீசுக்கே வந்து கத்துனாரு. யாரு டெஸ்ட் பண்ணதுன்னு கிளாரன்ஸ் கேக்கறாரு. எனக்குப் பக்கத்துல நிக்கறான் அங்கிள், தோளு தோளு இடிக்குது. என் மூஞ்சியக்கூடப் பாக்காம, லோகேஸ்தான் பாத்துச்சு சார், நான் நம்பிட்டேன்னான்.

நான் வாயத் தெறக்கல. அன்னைக்கே பேக்கத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். அடுத்த வாரம் என் நம்பரையும் பிளாக் பண்ணிட்டான். ஆத்துப்பாலத்துல நின்னு அழுதிருக்கேன், வர்றவன் போறவன்லாம் பாத்தான். இப்ப வேலைக்கெல்லாம் குறைச்சல் இல்ல, வீட்லேர்ந்தே சிங்கப்பூர் கம்பெனிக்குச் செய்யறேன். ஆனா வயிறு எரியுது அங்கிள், உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. காலையில பல்லு விளக்கும்போதே எரியும்.

நீங்களும் விசாரிக்க வந்தது லேட்டு. நிச்சயத்துக்கு முன்னாடியில்ல வருவாங்க? ஓ, உங்க அக்கா அவசரப்பட்டுட்டாங்களா. பையன் நல்லாப் பேசறான், போதும்னுட்டாங்க. அப்ப இப்ப மட்டும் என்ன திடீர்னு?

ம். ரிஜிஸ்டர் பண்ணலாம்னு கூப்பிட்டா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கானா. அடையாளக் கார்டு, ஐசி, தொலைஞ்சிருச்சுன்னானா. இப்ப, முதல்ல தாலி கட்டிடலாம், ரிஜிஸ்டர் பிறகு மெதுவா பாத்துக்கலாம்னு பேசறானா. நம்ம ஆளுங்கள்ல யாரு அப்படிச் செய்யறா? முதல்ல போய் ரிஜிஸ்டர் பண்ணிட்டு, வசதிப்பட்டப்ப கோயில்லயோ மண்டபத்துலயோ தாலி கட்டறதுதானே நம்ம பழக்கம். உங்களுக்கு அதுதான் உறுத்திச்சா? உங்க வீட்ல நீங்க ஒருத்தராவது யோசிச்சீங்களே.

கல்யாணக் கார்டு குடுத்தாச்சா? ராசா பூராவா. தஞ்சோங் மாலிம் வரைக்குமா. மண்டபம், சமையல், மேளம், எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை. நல்லது.

கோப்பி வந்திருச்சு பாருங்க, குடிங்க. அம்மா நீ உள்ள போ.

நாங்க இருந்த எஸ்டேட் தோட்டத்த கம்பெனி வித்தப்ப, லயத்து வரிசை வீட்ல இருந்த தொழிலாளிங்களுக்கு மலிவு வீடு தர்றோம்னாங்க. அம்மா அதுக்கு முன்னாடியே வேலைய விட்டு நின்னுட்டாங்க, அதனால அவங்க பேர்ல கிடையாதாம். பிள்ளைங்க கேக்கலாம், ஆனா கல்யாணம் ஆகியிருக்கணும். பவனேஷும் எங்க லயத்துப் பையன்தான் அங்கிள். கிள்ளான் டவுன்லேர்ந்து வந்தவங்கன்னு சொன்னானா உங்ககிட்ட? ரெண்டு கதவு தள்ளி வீடு. எனக்கு அவன்னா உயிரு. வா லோகேஸ், முதல்ல ரிஜிஸ்டர் பண்ணிடலாம், வீடு கிடைக்கட்டும், தாலி பிறகு மெதுவா பாத்துக்கலாம்னான். கோல சிலாங்கூர் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அம்மா ஒரு சாட்சி. ஆபீஸ்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னான், தெரியல. நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, இதுதான் அந்த வீடு. அன்னைக்கு கிளாரன்ஸ் முன்னால நான் வாயத் தெறக்காததும் அதனாலதான், புருஷன விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு.

வேலை போன அன்னைக்கு ராத்திரி அவன்கிட்ட தாலி எப்படான்னு கேட்டேன். தாலிதான் ஏறலல்ல லோகேஸ், அது சும்மா டெஸ்ட்டு, லைவ் போகலயேன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

டைவர்ஸா? எங்க ஆச்சு. பிளாக் பண்ணவனே இப்ப தினம் கூப்பிடறான், கோர்ட்டுக்கு வா லோகேஸ், ரெண்டு பேரும் சேந்து கேட்டா சீக்கிரம் விட்ருவாங்கன்னு. வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். நேத்துகூடச் சொன்னேன். கவர்மெண்டு கணக்குல இன்னிக்கும் அவன் பொண்டாட்டி நான்தான்.

எந்திரிக்காதீங்க அங்கிள், இப்படி வேர்த்துப் போய் கார் ஓட்டக் கூடாது. உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, சத்தியமா. என்ன? நிச்சயம் நடந்தது எனக்குத் தெரியுமாவா? தெரியும். ஃபேஸ்புக்ல பாத்தேன், பொண்ணு நீலச் சேலையில அழகா இருந்துச்சு. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னா, சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தா உங்க பொண்ணு தப்பிச்சிருக்கும். அவனும்ல தப்பிச்சிருப்பான்.