விபத்து எதுவும் பதிவாகவில்லை

பஸ் வரும் சத்தத்தைக் கேட்டே எத்தனையாம் நம்பர் வண்டி என்று சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருஷம் ஒரே பணிமனையில் குப்பை கொட்டினால் யாருக்கும் வருகிற பழக்கம்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை. அதில் கடைசி ஒன்பது வருஷம் நான் மேலாளர். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொண்டால் போதும்.

எங்கள் நகராட்சி பஸ்களில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு சிறு தொகை கூடுதலாக வாங்கினோம். வண்டிகளைப் பழுதுபார்க்க மட்டும் என்று சொல்லி, ஊரே வாக்களித்து ஒப்புக்கொண்ட காசு. மீன் விற்கிறவளும் கொடுத்தாள், வாத்தியாரும் கொடுத்தார். மூன்று வருஷம் தொடர்ந்து மாநில அரசு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. தற்காலிகம் என்றார்கள். தலைநகரில் விளையாட்டரங்கம் எழும்பியது. எங்கள் நகராட்சித் தலைவி கேட்கப் போனபோது அரை நாள் வாசல் பெஞ்சில் உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். நேராக என் அறைக்குத்தான் வந்தார்.

"நம்ம வீட்டு உண்டியல ஒடச்சு எடுத்துட்டு, நம்மளையே யாருன்னு கேக்குறாங்க சார்" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. பணிமனையில் மெக்கானிக் ஒரு வண்டியின் பாகத்தைக் கழற்றி இன்னொரு வண்டிக்கு மாட்டிக்கொண்டிருந்தார். அதற்கும் வழியில்லாத வண்டிகளின் கண்ணாடியில், ஓட்டக் கூடாது என்று சிவப்புச் சீட்டு ஒட்டினார். நான் தலைநகருக்குக் கடிதம் எழுதினேன். முதல் மூன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்காவதற்குப் பதில் வந்தது. "இதுவரை விபத்து எதுவும் பதிவாகாததால், அவசரத் தேவை இருப்பதாகக் கருத இயலவில்லை."

யாரோ ஒருவன் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் தட்டிவிட்ட வரி. மூன்று வருஷமாக விபத்தே நடக்காமல் பார்த்துக்கொண்டது நாங்கள். அதையே எங்கள் குற்றமாக்கிவிட்டார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு அப்போது தெளிவாகப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். காலைக் கூட்டம் வடிந்த பிறகு, பதினொரு மணி நடை. மலைச்சரிவுப் பாதையில் போகும் ஏழாம் நம்பர். அதன் பிரேக் சரியில்லை என்று சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, வண்டி ஓடலாம் என்று கையெழுத்துப் போட்டேன். டிரைவராக என் தங்கையின் கணவரைப் போட்டேன். பணிமனையிலேயே கைதேர்ந்த டிரைவர் அவர். எப்படியும் ஓரங்கட்டி நிறுத்திவிடுவார், நாலு பேருக்கு அடிபடும், பத்திரிகையில் படம் வரும் என்று நினைத்தேன்.

"மச்சான், இந்த வண்டிக்குச் சிவப்புச் சீட்டு இருந்துச்சே?" என்று கேட்டார்.

"எல்லாம் பாத்தாச்சு மாப்ள. ஒரு நடை போயிட்டு வாங்க."

"நீங்க சொன்னா சரிதான்" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

வண்டி நிற்கவில்லை. சரிவின் அடியில் மருந்துக்கடைச் சுவரில் போய் மோதியது. ஒன்பது பேர். கடை வாசலில் நின்ற இரண்டு பேரும், மாப்பிள்ளையும் அதில் சேர்த்தி.

மறுநாளே மந்திரி வந்தார். மூன்று வருஷமாகத் திறக்காத கதவெல்லாம் திறந்தது. இரண்டே மாதத்தில், உள்ளாட்சிகளின் பணத்திலும் போக்குவரத்து நிதியிலும் மாநிலம் கைவைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. எடுத்ததையும் திருப்பிக் கொடுத்தார்கள். இன்றைக்கு எங்கள் ஊரில் பதினெட்டுப் புது வண்டி ஓடுகிறது. ஒன்பது பேரால் இனி எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று யாராவது யோசித்தீர்களா?

விசாரணைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. சீட்டைக் கவனிக்காமல் டிரைவரே அவசரப்பட்டு வண்டியை எடுத்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். நான் உள்ளே போயிருந்தால் சட்டத்துக்காக யார் அலைவது? இறந்தவருக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. தங்கைக்குத்தான் நிவாரணத் தொகையை நிறுத்திவிட்டார்கள்.

அவள் என் வீட்டுக்கு வந்து கேட்டாள். "அவரு உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம வண்டிய எடுத்திருப்பாராண்ணே?"

"விதிம்மா" என்றேன். அதன் பிறகு அவள் என் வீட்டுப் படியேறவில்லை.

மெக்கானிக் தன் சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையையும், வண்டி ஓடலாம் என்று நான் கையெழுத்துப் போட்ட தாளின் நகலையும் பத்திரமாக வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அவற்றை அவர் உங்கள் ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுத்ததில் எனக்கு வருத்தமுமில்லை. சீட்டைக் கிழித்தது நான், கையெழுத்து என்னுடையது, வண்டியை அனுப்பியதும் நான். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சாவார்கள் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. என்னால் முடிந்த முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்தேன், நல்ல டிரைவராகப் பார்த்தேன். என் மகள் அந்தப் பதினொரு மணி நடையில்தான் கல்லூரியில் மத்தியான வகுப்புக்குப் போவாள். அன்று காலை ஆட்டோவுக்குக் காசு கொடுத்து, ஏழாம் நம்பரில் ஏறவே கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன்.