நீலா கல்யாணத்துக்கு யார் யார் வர்றது

ஹலோ... ஆமா, சாரதாதான். சொல்லுங்க அண்ணி... பத்திரிகை வந்துது, வந்துது... ஆமாமா, என் பேரும் இருக்கு. ‘செல்வி’ சாரதாம்பாள். நாப்பத்தோரு வயசுச் செல்வி. என் கிளாஸ் புள்ளைங்க பாத்தாலே சிரிக்கும்...

இல்ல அண்ணி, கோவமெல்லாம் இல்ல... ம்... நலங்கு நான் வெக்க வேணாமா?... சுமங்கலிங்கதான் வெக்கணுமா. அத்தை வெச்சா நீலாவுக்கு ஆகாது. சரி... அப்ப நான் என்ன செய்யட்டும்?... ஸ்டோர் ரூம் சாவியா. அதானே பாத்தேன். நம்ம வீட்டுல எந்தக் கல்யாணம்னாலும் அரிசி மூட்டைக்கும் தேங்காய்க்கும் நான்தானே துணை.

...யாரு? மாப்பிள்ளையோட பெரியப்பாவா? கோட்டுச்சேரிக்காரரு... ம்... கேக்குறேன், கேக்குறேன்... சம்சாரம் செத்துட்டாங்களா, பாவம்... பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரா... ஆமா ஆமா, பென்ஷன் வரும். அவருக்கப்பறம் பொண்டாட்டிக்கும் வரும், தெரியும்... வயசு என்ன?... அறுபத்தேழா. அண்ணி, அவருக்குப் பொண்ணு பாக்குறீங்களா, ஊன்றுகோல் பாக்குறீங்களா?

...பிரெஞ்சு நேஷனாலிட்டியா. அதுதான் வேணும்னா என் வீட்டுலயே ஒண்ணு இருக்கே. ஷந்தால் பொறந்ததுலேருந்து பிரெஞ்சு நேஷனாலிட்டிதான. பதினோரு வருஷமா ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே... ஹலோ? இருக்கீங்களா?... என்ன இப்படி இருமுறீங்க. தண்ணி குடிங்க.

...வாடகைக்கு இருக்குறவளா? யாரு சொன்னா?... ஓ. சம்பந்தி வீட்டுல அப்படிச் சொல்லி வெச்சிருக்கீங்க... என்னது?... அவ வர வேணாமா?

...நீலாவோட ஜாக்கெட் அத்தனையும் தெச்சது யாரு அண்ணி?... ஆமா, கூலி வேணாம்னுட்டா. சொந்த மருமவளுக்குத் தெச்சிட்டு எவ கூலி கேப்பா?... போன கல்யாணத்துல போட்டோ எடுக்குறப்ப நீங்கதான, வெளியாளுங்க கொஞ்சம் நகருங்கன்னு அவளப் பாத்துச் சொன்னீங்க? அவ சிரிச்சிகிட்டே நகந்தா. எனக்கு இன்னும் வயிறு எரியுது... மறந்துட்டீங்களா. அண்ணனோட சீட்டாடுற கருப்பையன் அந்தப் போட்டோவுல நட்ட நடுவுல நிக்கிறாரே, அவரு எந்த வகையில சொந்தம்?

...அண்ணனா? அங்கேயேதான் நிக்கிறாங்களா? குடுங்க.

அண்ணே... ம்... ம்... ஊரு பேசுமா. காரைக்கால் முழுக்கத் தெரிஞ்சத இனிமே என்ன பேசப்போவுது... கடைசி காலத்துல எனக்கு நீங்கதான் ஒத்தாசையா. சந்தோஷம். டைபாய்டுல கெடந்தப்ப வந்தீங்களா?... ஆர்லிக்ஸ் பாட்டில் குடுத்தனுப்புனீங்க, ஆமா. தூக்கி ஒக்கார வெச்சு வாயில ஊத்துனது அவ. பீத்துணி அலசுனது அவ...

இல்லண்ணே, சண்டை போடல... போடல... சரி. அவ வர வேணாம். சரி. ஆனா நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிடுங்க... இங்கதான் இருக்கா, கூடத்துல. ரெண்டு பட்டுப்புடவைய விரிச்சுப் போட்டுகிட்டு, நீலா கல்யாணத்துக்கு எதக் கட்டுறதுன்னு பாத்துகிட்டிருக்கா... அதெல்லாம் முடியாது, உங்க வாயாலயே சொல்லுங்க... இருங்க, கூப்புடுறேன்.

ஷந்தால், இங்க வா. அண்ணன் உன்கிட்ட ஏதோ பேசணுமாம்...

அண்ணே?... ஹலோ?... ஹலோ...

ஒண்ணுமில்ல ஷந்தால். லைன் கட்டாயிடிச்சு.