பூட்டிய வீடுகள்

சாக்கடைநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்கினால் யாருக்குப் பாதிப்பு என்று மாநகராட்சியில் ஆய்வு செய்து அறிக்கை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டிருந்தார்கள். கடைசி நாள் வரிசையில் எனக்கு முன்னால் தாராவிக்காரர்கள் இருவர் நின்றார்கள். ஒருவர் தோல் பட்டறை வைத்திருப்பவர், மற்றவர் மளிகைக்கடைக்காரர்.

"பாய், நம்ம சந்துல ஆளே கெடையாதாம். அறிக்கையில அப்படித்தான் இருக்கு."

"என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க? சந்து பூரா குடும்பம்லா இருக்கு!"

"டேப்பு வச்சு அளந்துட்டுப் போனான்லா ஒருத்தன், அவன் எழுதினது."

"அவன் இடிக்க வந்தவன்னு சொல்லி, எல்லாரையும் பூட்டிட்டு ஓடச் சொன்னது நீங்கதான?"

"பூட்டுன வீட்டுல கை வைக்க மாட்டான்னு நெனச்சேன். குடோன்னு எழுதிட்டான் பாய்."

அவர்களுடைய மனுவை ஜன்னலில் இருந்த குமாஸ்தா தொடவில்லை. அறிக்கையில் குடியிருப்பவர் என்று பெயர் உள்ளவர்கள்தான் ஆட்சேபிக்கலாம் என்றார். விதி அதுதான். நானும் ஒருகாலத்தில் இப்படியொரு ஜன்னலில் குமாஸ்தாவாக இருந்து, அதைச் சொல்லிப் பலரைத் திருப்பி அனுப்பியவன்.

படியிறங்கும்போது பட்டறைக்காரர் சொன்னார்: "இடிக்க வரும்போது கதவத் திறந்து வச்சு, பிள்ளைகளோட உள்ள உக்காந்துருவோம்."

"உக்காரலாம் பாய். குடோனுக்குள்ள உங்களுக்கு என்ன வேலைன்னு கேப்பான்."