மூன்று வீட்டுக்கு ஒரு போன்

எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க வருபவர் ஆதார் அட்டையைக் கோணலாக நீட்டினால்கூட, வாங்கி நேராக வைத்துத்தான் எடுப்பேன். ஒடுகத்தூரில் பாண்டுரங்கன் கடை எது என்று விசாரித்தால் இதைத்தான் அடையாளமாகச் சொல்வார்கள்.

'தோரணம்' பற்றிக் கேட்டீர்கள், ஐயா. பிளாக்செயினில் ஓடுகிற தளம் அது. அதற்கு முதலாளி கிடையாது, போட்டதை யாரும் அழிக்க முடியாது. நாம் எழுதியதற்கு மற்றவர்கள் ஓட்டுப் போட்டால் காயின் சேரும். எதிர் ஓட்டு விழுந்தால் பதிவு அழியாது, ஆனால் கண்ணில் படாமல் மறைந்துவிடும். சிலர் பத்துப் பெயரில் கணக்குத் திறந்து தங்களுக்கே ஓட்டுப் போட்டுக்கொள்வார்கள். அவர்களைப் பிடித்துக் கொடுப்பவருக்கு அங்கே தனி மதிப்பு, அவர் ஓட்டுக்கும் பலம் அதிகம்.

ஜவ்வாது மலையிலிருந்து புளி விற்க இறங்கிய மூன்று பெண்களுக்கு நான்தான் கணக்குத் திறந்து கொடுத்தேன். கோகிலவாணி, சுந்தரம்மாள், பாஞ்சாலி. மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே போன். டவர் கிடைக்கிற மேட்டில் உட்கார்ந்து ஒருத்தி முடித்ததும் அடுத்தவள் வாங்கி எழுதுவாள். சாமை அறுப்பு, புளி உலுக்குவது, இப்படி. ஒருத்தி எழுதியதற்கு மற்ற இருவரும் ஓட்டுப் போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி எழுதியதற்குப் போடாமல் இருந்தால் அவள் மனம் நோகும் என்று அவர்கள் நினைத்தார்கள். மூன்றே மாதத்தில் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து அவர்களைப் படித்தார்கள். நான் இரண்டு வருடமாக எழுதுகிறேன், சீந்துவாரில்லை. வயிறு எரிந்தது.

மூன்று கணக்கையும் ஒரே ஆள் நடத்துகிறார், போன் ஒன்றுதான், பாருங்கள் என்று புகார் போட்டேன். பொய் என்று தெரியும். என் கடை பெஞ்சில் மூவரும் வரிசையாக உட்கார்ந்துதான் கணக்குத் திறந்தார்கள். அந்த வாரமே எதிர் ஓட்டு குவிந்து அவர்கள் பதிவெல்லாம் மறைந்தது, என் பெயர் மேலே ஏறியது.

"இன்னா தப்புண்ணா பண்ணோம்? மூணு பேரும் வேற வேற வூடுதானே?" என்று கோகிலவாணி வந்து கேட்டாள்.

"கம்ப்யூட்டர் பண்றதும்மா. நம்ம கைல இல்ல," என்றேன்.

மாசியில் கோகிலவாணியின் புருஷன் சின்னராசு மரம் வெட்டுகிற வேலை என்று ஆந்திரா பக்கம் போனான். பத்து நாளாகத் தகவல் இல்லை. அந்த ஒரே போனையும் சுந்தரம்மாள் மகன் திருப்பூருக்கு எடுத்துப் போயிருந்தான். அவள் பஸ் பிடித்து என் கடைக்கு வந்தாள். "தோரணத்துல போடுங்கண்ணா. அதுலதான் எங்களை நெறைய பேரு பார்த்தாங்க," என்றாள். அவள் சொல்லச் சொல்ல அவள் கணக்கில் நான்தான் டைப் செய்தேன். சின்னராசுவின் படத்தைக்கூட நேராக வெட்டி ஒட்டினேன்.

அவள் போனதும் என் கணக்கிலிருந்து அதற்கு எதிர் ஓட்டு அழுத்தினேன், பதிவு மறைந்தது. அவளுக்கு நிஜமாகவே ஒரு புருஷன் இருக்கிறான் என்று நாலு பேர் நம்பினால் என் புகார் என்னாவது?

மறைந்த பதிவையும் திறந்து பார்க்கிறவர்கள் உண்டு. மறுநாள் ஒருவர் கீழே எழுதியிருந்தார்: இந்த ஆள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தலையில் அடி, வாணி, வாணி என்கிறார், சீக்கிரம் வாருங்கள்.

அன்று மதியமே அவள் வந்தாள். "யாராச்சும் பார்த்தாங்களாண்ணா?"

கம்ப்யூட்டர் திரை என் பக்கம் திரும்பியிருந்தது. "இல்லம்மா," என்றேன்.

ஐந்தாம் நாள் அதே ஆள் மறுபடி எழுதினார். இறந்துவிட்டார், யாரும் வரவில்லை, அடையாளம் தெரியாதவர் என்று அடக்கம் செய்கிறார்கள்.

அதை அழிக்க முடியாது. தினமும் கடை திறந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறேன். கை தானாகப் போகிறது. வாணி என்று எழுதியிருக்கும் இடம் வந்தால் பின்னால் யாரோ நிற்பது போல இருக்கும். திரும்பிப் பார்க்கப் பயம்.

ஒவ்வொரு சந்தை நாளும் அவள் வந்து அதையே கேட்கிறாள். நானும் அதையே சொல்கிறேன். ஐயா, நீங்களும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் நெற்றியில் இன்னும் பொட்டு இருக்கிறது என்றால், அது நான் காப்பாற்றி வைத்திருப்பது.